ரிஜெக்ட்

அமெரிக்காவின் ஜூலை மாதம்
அங்கேரிப்பாளையத்துக்குப் பிப்ரவரியிலேயே வந்துவிடும்.
நட்சத்திரம் ஐம்பது, பட்டை பதின்மூன்று,
எண்ணித்தான் பாஸ் போடுவேன்.
ஒரு பீஸில் நாற்பத்தெட்டே இருந்தது.
எந்த ரெண்டு மாநிலத்தை முழுங்கினே
என்று பிரிண்டிங் மாகாளியைக் கேட்டதற்கு
ஸ்கிரீன் அடைச்சுக்கிச்சுங்க்கா என்றான்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரித்திரம் ஏறவில்லை.
செக்கிங் டேபிளில் ஏறியது,
டியூப்லைட்டுக்குக் கீழே,
ஸ்டைல் நம்பர் வாரியாக.
ஏப்ரலில் பூசணிக்காய்க்குப் பல் முளைக்கும்.
ஜூனில் வான்கோழி.
நன்றி சொல்லும் பண்டிகையாம்,
கோழிக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

உயரத் தொப்பி, மீசையில்லாத தாடி.
இவர் யாருங் என்றால்
மெர்ச்சண்டைசர் நித்திலா
மெயில் தட்டிக்கொண்டே சொல்வாள்:
அடிமைகளை விடுவிச்சவர்.
எதுக்கு வெச்சிருந்தாங்க?
பருத்தி எடுக்க.

பருத்தி என்றதும் லைனில் நாலு தலை நிமிர்ந்தது.
அவர்கள் அடித்துக்கொண்ட நாலு வருஷமும்
சீமை மில்லெல்லாம் பஞ்சுக்கு ஏங்க
நம்ம பக்கத்துப் பொதிக்கு விலை எகிறியதாம்.
சண்டை முடிந்ததும்
கயிறு அறுந்த வாளி.
அன்றைக்கு எங்கள் காட்டில் பருத்தி எடுத்தவள்
மடியில் எவ்வளவு முடிந்துகொண்டு போனாள் என்று
நித்திலாவின் போனில் இல்லை.

அப்புறம் ஒரு முகம் வந்தது.
கண்ணாடி போட்ட பெண், பின்னால் ஒரு பஸ்.
பெயர் ரோசா.
தையல் வேலைக்குப் போனவள் என்று தெரிந்ததும்
பவர் டேபிள் பூராவும் ரோசாக்கா, ரோசாக்கா.
ஓவர்லாக்கா, சிங்கரா?
பீஸ் ரேட்டா, ஷிப்ட்டா?
ஒன்றரை ஷிப்ட் நின்ன காலு,
எந்திரின்னா எப்படி எந்திரிப்பா
என்றாள் கைமடி துளசாமணி.
காலுக்காக இல்லையாம் என்றேன்.
மாகாளி ஒன்றும் பேசவில்லை.
அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறு முகத்தையும்
ஒரு பொட்டு மை வழியாமல் அடித்தான்.
ஒன்றைக்கூட நான் தள்ளவில்லை.

அடுத்த ஆர்டரில்தான் மாட்டியது.
முகம் இல்லை, எழுத்து மட்டும்.
மனுசரெல்லாம் சமம் என்று வருகிற வரி.
எழுதினவர் வீட்டிலேயே அடிமைங்க இருந்தாங்கக்கா
என்றாள் நித்திலா, மெயிலை அனுப்பிவிட்டு.
அதற்கு அந்தக் காலத்தில்
அம்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்லை போல.
நான் ஒட்டியது வேறு இடத்தில்:
சமத்துக்கான இங்கிலீசு வார்த்தையில்
யூவும் ஏவும் இடம் மாறிக் கிடந்தன.
ஆறாயிரம் பீஸ்.
ஓனர் குமரகுருபரன்
அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
பையர் ஒரே வரியில் பதில் போட்டார்.

காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்கு மூன்று.
அந்த மாசம் ஊரெல்லாம் அந்த வரி நடந்தது.
லோடு ஏற்றுகிறவன் முதுகில், ஒடிசாப் பையன் நெஞ்சில்,
தண்ணி லாரி டிரைவர் துடைக்கிற துணியில்.

ஞாயிற்றுக்கிழமை மாகாளி வந்தான்.
நான் கம்பெனியில் மறந்த போனைக் கொடுக்க.
பெருமாநல்லூர் தாண்டி எங்கள் ஊர்தான் அவனுக்கும்.
கம்பெனியில் அக்கா,
ஊருக்குள் வந்தால் அம்மிணி.
கேட்டுக்கு வெளியே நின்றான்,
யாரும் நிற்கச் சொல்லாமலே.
என் வீட்டுக்காரர் நல்ல மனுசர்,
டீ குடிச்சுட்டுப் போடா என்றார்.
எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது.
அவனுக்குப் பேப்பர் கப்பில்.
அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்
இன்னும் ஏழெட்டு இருந்தது.

அவன் போட்டிருந்தது அந்த ரிஜெக்ட் பனியன்.
யூவும் ஏவும்
காலை வெயிலில் பளிச்சென்று.
கைப்பையில் அம்பு ஸ்டிக்கர் சுருள் எப்போதும் கிடக்கும்,
விரல் தானாக அங்கே போய்விட்டது.

தப்பு அப்படியே தெரியுது மாகாளி என்றேன்.

குனிந்து பனியனைப் பார்த்தான்.
கையிலிருந்த கப்பைப் பார்த்தான்.
எதுங் அம்மிணி என்றான்.